பறக்கும் பழம்பொருள்

எம் ஊர் வேலந்தாவளம் கேரள எல்லையில் இருக்கிறது. ஆயினும் வானத்துக்கு எல்லைக்கோடு ஏது? கிழக்கே சூலூரில் உள்ள விமானத்தளம் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் வசம் இருந்தது. இன்று இந்திய விமானப்படையினது. விமான ஓசை கேட்டால் அண்ணாந்து பார்க்கும் வழக்கம் எம் வீட்டார் யாவர்க்கும் உண்டு.

திரு. ராஜீவ் சந்திரசேகர் பழைய டக்கோட்டா விமானம் ஒன்றைத் தம் பொருள் செலவிட்டு வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிட்டு, 2018இல் நம் விமானப்படைக்கு ஈந்தார். அவர் தந்தையார் டக்கோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி. 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகருக்கு வீரரைச் சுமந்து சென்றவை டக்கோட்டாக்களே. கட்சி அரசியல் நமக்கு இங்கு வேண்டா. மகன் தந்தைக்கு ஆற்றிய கடன் என்ற அளவில் அச்செயல் நம் நெஞ்சைத் தொட்டது.

எனினும் நம் மனம் செல்வது சின்னஞ்சிறு டைகர் மாத் விமானத்தின்பால்தான். 1931இல் முதன்முதல் பறந்தது. நம் விமானிகள் பலர் பறக்கப் பழகியதும் அதில்தான். முன்னிருக்கையில் ஆசான், பின்னிருக்கையில் மாணாக்கன். இருவர் தலைக்கும் கூரை இல்லை. உடற்கூடு எஃகுக் குழாய், இறக்கை மரச்சட்டம், மேலே போர்த்தியது துணி. பிரிட்டனில் புதுப்பிக்கப்பெற்ற நம் படையின் டைகர் மாத் 2012இல் ஹிண்டன் விழாவில் பறந்தது.

இதைச் செப்பனிடுவோர்க்குத் துணியைப் பிரித்த பின்னரே உண்மை தெரியும். ஈரம் புகுந்த மரமூட்டில் பசை விட்டிருக்கும். வெளிப்பார்வைக்கோ மூட்டு முழுமையாய்த் தோன்றும். ஐயத்துக்கு இடமான சட்டத்தை அகற்றியே ஆகவேண்டும். காட்சிசாலையில் நிற்கும் விமானத்தில் பழைய மரத்தை அப்படியே விட்டுவைக்கலாம். பறப்பதில் அது கூடாது, ஓர் உயிர் அதில் அமர்கிறது. புதுத் துணியைச் சட்டத்தோடு நூலால் தைத்து, மேலே பூச்சிட்டு, முரசின் தோல்போல் இறுகச் செய்வர்.

இத்தனையும் மாற்றிய பின் அது பழைய விமானந்தானா? இவ்வினா எம் வீட்டில் வேறு வடிவில் எழுந்தது. வேலந்தாவளத்து ஓட்டு வீட்டின் உத்தரம் உளுத்துவிட்டது. வெளிநாட்டில் வாழும் தம்பி, ‘இடித்துக் கான்கிரீட் போடுவோம், அண்ணா’ என்றான். தங்கையோ ஓர் ஓட்டையும் தொடலாகாது என்றாள். இருவர் சொல்லும் எமக்கு ஒப்பவில்லை. தொடாது வைத்தால் அங்கே எவரும் உறங்க இயலாது. இடித்தால் உறங்கச் செல்வதற்கே காரணம் இராது. உளுத்த உத்தரத்தை மட்டும் மாற்றச் சொன்னோம். மரவேலை அறிந்த ஆசாரி ஒருவரைத் தேடிப் பிடிக்கவே மூன்று மாதம் ஆயிற்று. விமானத் துணி தைப்போரும் அவ்வாறே அருகி வருகின்றனர் போலும்.

டைகர் மாத்துக்கு இயல்பில் தடைக்கருவி கிடையாது. எஞ்சினை முடுக்க ஒருவர் முன்னே நின்று விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். காற்று மிகுந்த நாளில் தரையில் உருளும்போது, இருபுறமும் ஆள் நின்று இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டே நடப்பர்.