வாப்பாவின் ரெக்கோர்டுகளுக்கும் காப்புறுதி வேண்டுமா?



கரவனெல்லயில் களனி கங்கை ஏறும்போது முதலில் எதைத் தூக்குவது என்று எல்லா வீட்டிலும் ஒரு வரிசை இருக்கும். பிள்ளைகள், அடையாள அட்டை, காணி உறுதி, அரிசி மூட்டை. எங்கள் வீட்டு வரிசையில் வாப்பா சேர்த்த நூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகளும் இருக்கின்றன. நாகூர் ஹனிபாவின் இஸ்லாமியப் பாடல்கள், இலங்கை வானொலியில் கேட்டு ஆசைப்பட்டு வாங்கிய சினிமாப் பாடல்கள், அரக்கில் செய்த பழைய 78 வேகத் தட்டுகள்.

வீட்டுக் காப்புறுதி பற்றி ஒரு முகவரிடம் பேசியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதெல்லாம் என்ன பெறும்?" அதற்குப் பதில் தேடப் போய்த்தான் சில விஷயங்களைப் படித்துக்கொண்டோம். உங்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறோம்.

முதலாவது, வெள்ளம். சாதாரண வீட்டுக் காப்புறுதி அடிப்படையில் தீக்கும் மின்னலுக்கும்தான். வெள்ளம், புயல், மண்சரிவு எல்லாம் மேலதிகக் கட்டணம் கட்டிச் சேர்ப்பவை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. பத்திரத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்துவிட்டே கையொப்பம் வைக்க வேண்டும்.

இரண்டாவது, தொகை. வீட்டில் 10 லட்சம் ரூபாய்ச் சாமான் இருக்க, கட்டணத்தைக் குறைக்க 5 லட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்தோம் என்று வையுங்கள். 2 லட்சம் நட்டம் வந்தால் கிடைப்பது 1 லட்சமாக இருக்கலாம். பாதிக்குக் காப்புறுதி செய்தால் நட்டத்திலும் பாதிதான் என்பது கணக்கு. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே விளங்கும் விகிதசமன்தான் இது.

மூன்றாவது, மதிப்பு. தனியாகக் குறிப்பிடாத ரெக்கோர்டுகள் வெறும் வீட்டுச் சாமானாகவே கணக்கில் வரும். ஆகவே பட்டியல் வேண்டும்: பாடகர், கம்பனி, தட்டு இலக்கம், உறையின் நிலை, இரண்டு பக்கமும் படம். பழைய தட்டு வாங்கி விற்பவரிடம் எழுத்தில் ஒரு விலைமதிப்பு. அந்தத் தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பத்திரத்தில் எழுத முடியுமா என்றும் கேளுங்கள். பட்டியலின் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

உறையை ஏன் சொல்கிறோம் என்றால், வைனில் தட்டு நனைந்தால் கழுவி எடுக்கலாம். அட்டை உறை ஊறிப்போகும், விலையில் பெரும்பங்கு அதோடு போகும். வெள்ளம் வடிந்ததும் எதையும் வீசாமல் முதலில் படம் எடுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, வெயிலில் போடாமல் நிழலில் நிமிர்த்திக் காயவிடுங்கள். அரக்குத் தட்டில் மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது, கரைந்துவிடும்.

2008 ஜூன் 1 அன்று அமெரிக்காவில் யுனிவர்சல் நிறுவன வளாகத்தில் மூல ஒலிநாடாக்கள் இருந்த களஞ்சியம் எரிந்தது. 2019இல் ஒரு பத்திரிகை அதை விரிவாக எழுதியபோதும் எவ்வளவு அழிந்தது என்பதில் இணக்கம் இல்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், பட்டியல் இல்லாத நம் அலமாரிக்கு?

காசு கிடைத்தாலும் சில தட்டுகளைத் திரும்ப வாங்க முடியாது. அதனால் வாப்பாவின் அரிய தட்டுகளைக் கணினியில் ஒலிப்பதிவு செய்கிறோம், அலமாரியைச் சுவரின் மேற்பாதிக்கு ஏற்றிவிட்டோம். "இவ்வளவு பாடா?" என்று வாப்பா கேட்டார். ஆனால் ஒவ்வொரு தட்டையும் எங்கே, யாரோடு போய் வாங்கினார் என்று அவரே பக்கத்தில் இருந்து சொல்கிறார். அதையும் எழுதி வைக்கிறோம். அவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டியது அது.

வட்டி கலந்த காப்புறுதிக்குத் தயங்குபவர்களுக்கு 1999 முதல் இலங்கையில் தகாபுல் முறையும் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

உங்கள் வீட்டிலும் பழைய தட்டு, கையெழுத்துக் கிதாபு, குடும்பப் படம் இருக்கலாம். பட்டியல் போட உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள். பாடசாலை விட்ட பிறகு இரண்டு மூன்று பிள்ளைகளோடு வந்து எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.