விற்க முடியாத சொத்து

தலைப்பைப் பார்த்துட்டு வங்கிக்காரன் ஏதோ ஏல அறிவிப்பு போடுறான்னு நினைச்சுடாதீங்க. கொஞ்சம் தத்துவம், நிறைய பட்டா, அவ்வளவுதான். பி.காம் படிச்சவருக்குத் தத்துவம் எதுக்குன்னு வீட்டம்மா ஏற்கெனவே கேட்டாச்சு :-)

எங்க ஊர் சித்தூர் மாவட்டம் கங்காதர நெல்லூர். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் பேசுற ஊர். பக்கத்தில் கார்வேட்டிநகரம், ஒரு காலத்தில் பெரிய ஜமீன். 1948-ல் வந்த சென்னை மாகாணச் சட்டம் ஜமீன்களை ஒழிச்சது. ஆனா நிலமே இல்லாதவங்களுக்குக் கிடைச்சது வேற காகிதம். அதுக்குப் பேர் டி.கே.டி. பட்டா. டி.கே.டி.ன்னா தரக்காஸ்து, அதாவது மனு. ஏழை மனு கொடுத்தா அரசு நிலத்தில் கொஞ்சம் ஒதுக்குவாங்க. உழலாம், பிள்ளைகளுக்கு விட்டுட்டுப் போகலாம். விற்கக் கூடாது. 1977-ல் ஆந்திர அரசு இதைக் கறாரான சட்டமாவே ஆக்கிடுச்சு. யாராவது வாங்கினா, அவர்கிட்டேயிருந்து பிடுங்கி முதலில் பெற்றவருக்கே திருப்பிக் கொடுக்கலாம். ஆனா வங்கியில் அடமானம் வைக்க மட்டும் விலக்கு உண்டு. எங்க ஆளுங்க எல்லா சட்டத்திலும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாங்க!

இப்போ தத்துவம். 1840-ல் பியேர் ஜோசப் புரூதோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், சொத்து என்பதே ஒரு வகைத் திருட்டுதான்னு எழுதி ஐரோப்பாவையே அதிர வச்சார். ஆனா அவர் திட்டினது உழுதவன் கையில் இருக்கிற நிலத்தை இல்லை. உழைக்காம வாடகையும் குத்தகையும் வாங்குற உரிமையைத்தான். அனுபவிக்கிறது வேற, சொத்து வேறன்னு பிரிச்சார். முதலாவது நியாயம், இரண்டாவது அநியாயம். சிங்கப்பூர் நூலகத்தில் இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் கேட்டது கிட்டத்தட்ட எங்க ஊர் டி.கே.டி. பட்டாதானே!

அதே புரூதோன் கடைசிக் காலத்தில் கொஞ்சம் திரும்பிட்டார். அரசாங்கத்தின் கைக்கு எதிரா தனி மனுஷனுக்கு ஒரு பிடிமானம் வேணும், அது சொத்துதான்னு எழுதினார். எது சரி?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரலை, தொலைபேசியில் வந்தது. 2023-ல் ஆந்திர அரசு சட்டத்தைத் திருத்தி, ஒதுக்கி 20 வருஷம் ஆன நிலத்தை விற்கலாம்னு சொன்னது. கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் கூப்பிட்டான். அவங்க அப்பாவுக்குக் கிடைச்ச ஒன்றரை ஏக்கர், இப்போ மாந்தோப்பு. பொண்ணு நர்சிங் சேரணும். "டேய், நீ வாங்கிக்கோடா, வேற யாருக்கோ போறதுக்கு"ன்னான். வெளிநாட்டில் இருக்கிற இந்தியர் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாம விவசாய நிலம் வாங்க முடியாதுன்னு சொன்னேன். "அப்போ உன் தம்பி பேர்ல வாங்கு."

வீட்டம்மா ஒரே வரியில் சொன்னாங்க: "வாங்கினா நீங்க ஜமீன்தார், விற்காதேன்னு புத்தி சொன்னா தாசில்தார்."

கடைசியில் கல்விக்கடன் பத்திப் பேசினேன். 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாதுன்னு விதியே இருக்கு, பல பேருக்குத் தெரியறதில்லை. பொண்ணு சேர்ந்துட்டா. தோப்பு அவன்கிட்டேயே இருக்கு. 2024-ல் ஆட்சி மாறினதும் முறைகேடு புகார்னு அந்த நிலங்களின் பதிவையும் நிறுத்தி வச்சாங்க. நண்பன் கேட்டான்: "என் நிலத்தை நான் விற்கலாமான்னு முடிவு பண்ண இத்தனை பேராடா?"

நான் குடியிருக்கிற ஊரிலும் கட்டுப்பாடு இருக்கு. சிங்கப்பூரில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீட்டில்தான் இருக்காங்க. 99 வருஷக் குத்தகை, 5 வருஷம் குடியிருந்தாத்தான் விற்கலாம், நல்ல இடத்துப் புது வீடுன்னா 10 வருஷம். ஆனா அந்த வீட்டில் டாக்சி ஓட்டுறவரும் இருக்கார், வங்கி அதிகாரியும் இருக்கார். பெரும்பாலோருக்கும் ஒரே விதி. எங்க ஊரிலோ என் அப்பா பட்டாவுக்கு எந்தத் தடையும் கிடையாது, வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு மட்டும் தடை. ஏழைக்கு மட்டும்னு ஒரு சொத்துச் சட்டம் இருந்தா, அதில் பாதுகாப்பும் இருக்கு, அவமானமும் இருக்கு.

தடையை எடுத்துட்டா சரியாயிடுமா? தமிழ்நாட்டுப் பஞ்சமி நிலத்தைப் பாருங்க. 1892-ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்குன்னு வெள்ளைக்காரன் ஒதுக்கினது. 10 வருஷம் விற்கக் கூடாது, அப்புறமும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம். தடை இருந்தும் ஏராளமான நிலம் கைமாறிப் போச்சு. காரணம் கல்யாணம், வைத்தியம், வட்டி, மிரட்டல். சட்டம் விற்பனையைத் தடுத்தது, விற்க வைக்கிற நெருக்கடியைத் தடுக்கலை.

என் கணக்கு இதுதான். விற்கும் உரிமை எல்லாருக்கும் சமமா இருக்கட்டும். ஆனா காலேஜ் ஃபீஸுக்காக நிலம் போகிற நிலைமையை முதலில் மாத்தணும். இரண்டாவது இல்லாம முதலாவதைக் கொடுத்தா, அது ஏழைக்குக் கொடுத்த உரிமை இல்லை, வாங்குறவருக்குத் திறந்த கதவு.

அந்த வாங்குறவர் பெரும்பாலும் நம்மள மாதிரி ஆள்தான். அடுத்த விடுமுறையில் ஊரில் மனை வாங்கப் போறவங்க, லேஅவுட் படத்தோட நிறுத்திடாம, அந்த நிலத்தின் பழைய பட்டா யார் பேரில், எந்த வகையில் இருந்ததுன்னு ஒரு தடவை கேட்டுடுங்க.