ஒட்டகத்தைக் கட்டுவதும் ஓடையைத் திறப்பதும்

 

2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் பெய்த மழையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 1949-இல் பதிவுகள் தொடங்கிய பின் அந்நாடு கண்டிராத மழை அது. அல் அய்ன் பகுதியில் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது. துபாயில் பணிபுரியும் எம் தம்பியின் அறையிலும் நீர் புகுந்தது. மறுவாரம் அவர் அழைத்து, "அண்ணே, பாலைவனத்துக்கே வெள்ளம் வந்துவிட்டது. குன்னத்து வீட்டுக்குக் காப்பீடு எடுத்துவிடுங்கள், பணம் நான் அனுப்புகிறேன்" என்றார்.

நாங்கள் சிரித்தோம். குன்னம் வானம் பார்த்த பூமி. பருத்தியும் மக்காச்சோளமும் மழையை எதிர்நோக்கி நிற்கும் ஊர். மழைத் தொழுகைக்காகத் திடலில் கூடியது நினைவிலுண்டு. வெள்ளத்திற்கு அஞ்சியது நினைவில் இல்லை. ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. அவ்வீடு, வட்டிக் கடன் வாங்காமல் தம்பி பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துக் கட்டியது. அது போனால் மீண்டும் கட்டும் வலிமை எம் குடும்பத்திற்கு இல்லை.

வறண்ட நிலத்தில் வெள்ளம் என்பது புதிய செய்தியும் அன்று. நபி (ஸல்) அவர்களின் இளமையில் குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்ததற்கு வெள்ளச் சேதமும் ஒரு காரணம். 1941-இல் மக்காவில் கஅபாவைச் சுற்றி நீர் தேங்கியபோது நீந்தியே தவாஃப் செய்தோர் உண்டு.

விசாரித்தோம். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' திட்டத்தில் தீ, நிலநடுக்கத்துடன் வெள்ளமும் அடங்குகிறதாம். ஆனால் மார்க்கத்தின் தீர்ப்பு என்ன? இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி 1985-இல் ஜித்தாவில் கூடி, வணிகக் காப்பீட்டில் பெரும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், பரஸ்பர உதவியாக நன்கொடை அடிப்படையில் அமைந்த கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் முடிவு செய்தது. மலேசியா 1984-லேயே தகாஃபுலுக்குச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அத்தகைய நிறுவனம் இல்லை. கலவரங்களில் உடைமை இழந்த மக்களின் நிலையைக் கருதி, இந்தியச் சூழலில் அனுமதி தந்த ஆலிம்களும் உண்டு. அவர்கள் வழியில் காப்பீடு எடுத்தோரைக் குறை கூற எமக்கு உரிமையில்லை.

இந்தக் குழப்பத்தில் இருந்தபோது அத்தா ஒன்று கேட்டார்: "வெள்ளம் வந்தால் யார் பணம் தருவார் என்று கேட்கிறீர்களே, தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று பார்த்தீர்களா?"

பார்த்தோம், வெட்கினோம். மனையின் பின்புறம் பழைய ஓடை ஒன்று இருந்தது. சுற்றுச்சுவர் எழுப்பியபோது அதை மண்ணிட்டு மூடியவர்கள் நாங்களே. கரிசல் மண் கோடையில் வாய் பிளந்து நிற்கும். மழையில் நனைந்து உப்பிவிட்டால் வெடிப்புகள் மூடி, நீரை எளிதில் உள்ளே விடாது. பெருமழை பெய்தால் எம் சுவரில் மோதும் நீர், மேற்கே தாழ்வான ஓட்டு வீட்டில் வாழும் விதவைச் சகோதரியின் வாசலுக்கே திரும்பும். எம் வீட்டின் பாதுகாப்பைப் பற்றி ஆலிம்களிடம் கேட்ட நாங்கள், அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி எவரிடமும் கேட்கவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக திர்மிதீயில் வரும் ஹதீஸை மதரஸாவில் எத்தனை முறை நடத்தியிருப்போம்! கயிறு எது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

தம்பி காப்பீட்டுக்கென அனுப்பிய பணத்தில், அவர் ஒப்புதலுடன், சுவரை உடைத்து ஓடையைத் திறந்தோம். உடன்பிறந்தார் நால்வரும் மாதந்தோறும் ஒரு தொகையைத் திரும்பக் கேட்காத நன்கொடையாக ஒதுக்குகிறோம். எவர் வீட்டிற்குச் சேதம் வந்தாலும், அந்தச் சகோதரியின் வீடு உட்பட, அதிலிருந்து உதவுவோம். முழு வீட்டையும் ஈடுகட்டும் தொகை அதில் சேர நெடுங்காலமாகும் என்பதை அறிந்தே இம்முடிவை எடுத்தோம்.

காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்பதை உங்கள் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு முன் ஒருமுறை வீட்டின் பின்புறம் சென்று, நீர் யார் வாசலுக்குப் போகிறது என்று பாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களையும், நம்மால் அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேராமலும் காத்தருள்வானாக! ஆமீன்.