தம்பிக்கு ஒரு ரீல்

நோட்டன் பிரிட்ஜில் தண்ணீர் உறைவதில்லை. எங்களூர்த் தண்ணீருக்கு ஏறி இறங்கத்தான் தெரியும். காசல்ரீயிலிருந்து வரும் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு எங்கள் சின்ன நீர்த்தேக்கத்தில் விழுகிறது. 1950இல் கட்டி முடித்த நோட்டன் அணை அதைத் தேக்கிப் பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. மேலே மெஷின் ஓடினால் நீர் ஏறும். கீழே ஓடினால் இறங்கும். அதற்கேற்பக் கரையில் இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்து திலாப்பியா பிடித்துப் பழகியவர்கள் நானும் தம்பியும்.

எங்களிடம் அப்போது ரீல் கிடையாது. ஒரு வெற்றுப் போத்தல், அதில் சுற்றிய தங்கூசி நூல், ஈயக்குண்டு, முள், மண்புழு. அவ்வளவுதான். வாப்பா மீன் பிடிக்கமாட்டார். ஆனால் நாங்கள் கொண்டுவரும் மீனின் செதிலைத் தானே சுரண்டித் தருவார்.

தம்பி கனடா போய்ப் பதினாறு வருடங்களாகின்றன. ஏழு வருடங்களுக்கு முன் வேலைத்தளத்தில் ஓர் இயந்திரம் அவனது வலக்கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டது. அதன்பின் அவன் தூண்டிலைப் பற்றிப் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. போன மாரியின் தொடக்கத்தில் ஓரிரவு கோல் எடுத்தான்.

"நானா, மகன் ஐஸில மீன் பிடிக்கப் போகணும் எண்டு நிக்கிறான். கடையில நூறு வகை ரீல் இருக்கு. எத வாங்க?"

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியாலப் பயணத்தில் சிம்கோ ஏரி இருக்கிறது. மாரியில் அது உறைந்ததும் ஆட்கள் அதன்மேல் நடந்துபோய், ஐஸில் துளையிட்டு, இரண்டு மூன்றடிக் குட்டைக் கம்பை வைத்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். தம்பியிடம் நான் முதலில் சொன்னது ரீலைப் பற்றியல்ல, ஐஸைப் பற்றி. தெளிந்த நீல ஐஸ் பதினைந்து சென்டிமீட்டராவது கனமில்லாத இடத்தில் பிள்ளையோடு கால் வைக்கவேண்டாம் என்றேன். அதற்குப் பிறகுதான் ரீலுக்கு வந்தோம்.

அவன் அனுப்பிய படங்களை இரண்டு மூன்று இரவு பார்த்தேன். விளம்பரமெல்லாம் உள்ளே எத்தனை பெயரிங் என்பதைத்தான் பெரிதாகச் சொன்னது. எனக்கு வேறொன்று பட்டது. ஐஸில் தூர வீசும் வேலை இல்லை. இறக்கவேண்டும், பிடித்திருக்கவேண்டும், ஏற்றவேண்டும். தூர வீசுவதற்கென்று செய்த ரீலின் பாதிப் புண்ணியம் அங்கே வீண்.

கடையில் இருந்தவை பெரும்பாலும் இரண்டு சாதி. ஒன்று ஸ்பின்னிங் ரீல். அதன் உருளை சுழலாது. நூல் விளிம்பின் மேலால் சுருள் சுருளாகக் கழன்று போகும். இது எங்கள் போத்தலேதான். போத்தலின் வாயைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக் குண்டை வீசினால் நூல் அப்படித்தான் பறக்கும். வேகம் உண்டு. ஆனால் கழலும் ஒவ்வொரு சுற்றிலும் நூலில் ஒரு முறுக்கு விழும். ஈயக்குண்டு பெரிதென்றால் அது தெரியாது. ஐஸ் துளைக்குள் இறக்கும் இரை அரிசிமணியைவிடச் சற்றே பெரிது. முறுக்கு அதைப் பம்பரமாய்ச் சுழற்றும். குளிர்நீரில் மந்தமாயிருக்கும் மீன் அருகில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

மற்றது இன்லைன் ரீல். அதில் உருளையே சுழலும். நூல் நேராக வரும். வாப்பாவின் புடவைக் கடை முன்வாசலில் தையல் மெஷின் ஒன்று இருந்தது. அதன் மேற்கம்பியில் நூல்கட்டை சுழன்று நூலை விடுமே, அதே கதை. முறுக்கு ஏறாது. இரை ஆடாமல் நிற்கும்.

குறையும் உண்டு. இன்லைனில் நூல் மெதுவாகத்தான் ஏறும். பெரிய மீன் இழுத்து ஓடும்போது விட்டுப் பிடிக்கும் பக்குவம் ஸ்பின்னிங்குக்குத்தான் கூட. ஆகவே என்ன மீன் என்று கேட்டேன். நூறடி ஆழத்து ட்ரவுட் என்றால் ஸ்பின்னிங்கே வாங்கு என்றிருப்பேன். மகனுக்குப் பன்னிரண்டு வயது. நாள் முழுக்க ஒரு மீனுக்காகக் காத்திருக்கமாட்டான். ஆழம் குறைந்த பக்கத்தில் கூட்டமாய் வரும் மஞ்சள் பேர்ச் போதும் என்று இருவரும் முடிவு செய்தோம். அதற்கு இன்லைன் தாராளம்.

கடைசியில் கையைப் பற்றிப் பேசவேண்டி வந்தது. ஏழு வருடங்களாக நாங்கள் தொடாத பேச்சு. ரீல் இல்லாவிட்டால் இன்னும் தொட்டிருக்கமாட்டோம். ஸ்பின்னிங் ரீலில் ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் ஒரு கை கம்பி வளையத்தைத் திறக்கவேண்டும், கம்பைப் பிடித்த கையின் ஆட்காட்டி விரல் நூலைத் தாங்கவேண்டும். கம்பை இடக்கைக்கு மாற்றினாலும் வளையமும் சின்னக் கைப்பிடியும் வலக்கைக்கு வரும். கையுறையும் போட்டால் மூன்று விரலுக்கு அது பெரும்பாடு. இன்லைனில் கம்பும் இடக்கையில், உருளையை விடுவிக்கும் விசையும் அதே இடக்கை விரலில். வலக்கைக்குச் சுற்றும் வேலை மட்டும். அதற்குப் பெருவிரலும் உள்ளங்கையும் போதும். கைப்பிடி வலப்பக்கம் உள்ளதாய்க் கேட்டு வாங்கச் சொன்னேன். சில மாதிரிகளில் அதைப் பின்னால் மாற்றமுடியாது.

"கடைக்குப் போய்க் கையுறையோட சுத்திப் பாரு. வெட்கப்படாதே" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி நானா" என்றான்.

மிச்சம் சில்லறை விசயங்கள். உள்ளே தடித்த கிரீஸ் இருந்தால் குளிரில் இறுகிவிடும். அதைத் துடைத்து மெல்லிய எண்ணெய் இடவேண்டும். பின்னல் நூல் ஈரத்தை உறிஞ்சி விறைத்துப்போகும். நமது பழைய தங்கூசி போன்ற ஒற்றை நூல்தான் அதற்கு நல்லது.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு வட்சப்பில் குரல் அனுப்பியிருந்தான். மகனுக்கு ஐந்து, தனக்கு இரண்டு பேர்ச். ரீலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானே திருப்பி அழைத்து, கை எப்படியிருந்தது என்று கேட்டேன்.

"கையப் பத்தி நெனப்பே வரல்ல நானா" என்றான்.