அக்காலப் பாட்டும் இக்காலப் பாட்டும்

இக்காலத் திரைப்பாடல்கள் தரங்குன்றிவிட்டன என்று சென்ற ஆண்டு என் இல்லத்தில் ஒரு தீர்ப்பு வழங்கினேன். தீர்ப்புக்கு ஆளானவன் என் பேரன். நமது கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பயில்பவன். "சொல்லுமில்லை, பொருளுமில்லை, இரைச்சல் மட்டும் உண்டு" என்றேன். அவன் மறுமொழி கூறவில்லை. அன்றுதொட்டு அவனுடைய பாட்டு வீட்டில் ஒலிப்பதில்லை. காதிலே கருவியை மாட்டிக்கொண்டு தனியே கேட்கின்றான்.

1961ஆம் ஆண்டில் நான் விடுதி மாணவன். 'பாவமன்னிப்பு' வெளிவந்த ஆண்டு அது. மதிலுக்கு அப்பாலிருந்த தேநீர்க் கடையில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை முழங்கும். கண்ணதாசன் சொல்லும், விசுவநாதன் - இராமமூர்த்தி இசையும், சௌந்தரராசன், சுசீலா குரல்களும் மதிலேறி எங்கள் படிப்பு மண்டபத்துட் புகும். ஒருவன் மெல்லத் தொடங்குவான், மேசைகள் மிருதங்கங்களாகும். அவ்வேளை பார்த்து மேற்பார்வைக்கு வரும் பண்டிதர் ஐயா, "'அரிதாஸ்' படத்தோடை பாட்டு முடிஞ்சுது, தம்பிமாரே" என்று தலையிலடித்துக்கொள்வார். 'அரிதாஸ்' 1944இல் வந்தது. பாபநாசம் சிவன் பாட்டெழுத, தியாகராச பாகவதர் பாடியது. அதற்குப் பின் வந்தவை யாவும் அவருக்கு வெறுஞ் சினிமாப் பாட்டு.

அக்கருத்து அவருக்கு மட்டும் உரியதன்று. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராகிய கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுப்பன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு ஏறக்குறைய இடமில்லாமற் செய்தார். விளைவு யாது? அந்நாட்டு நேயர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தனர்! அவர் இகழ்ந்த அந்தக் காலத்தையே இன்று நாம் பொற்காலம் என்கின்றோம். அக்காலத்து மெட்டுகளிற் பல இந்திப் படங்களிலிருந்து எடுத்தவை என்பதையும் வசதியாக மறந்துவிடுகின்றோம்.

ஆயினும் என் குறை முற்றும் முதுமையின் முணுமுணுப்பு அன்று. அந்நாளிற் பாடகரும் வாத்தியக்காரரும் ஒருங்கே இருந்து பாட்டைப் பதிவு செய்தனர். ஒருவர் பிழைத்தால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆதலால் ஒத்திகை நீண்டது, சொல் தெளிந்தது. இன்றோ பாடுபவர் தனியறையிற் பாட, வரிகளை வெட்டி ஒட்டுகின்றனர். பிசகிய சுருதியைத் திருத்தும் கணினிக் கருவி 1997இலேயே வந்துவிட்டது. பிழையற்ற அக்குரலில் மூச்சு வாங்கும் ஓசைகூட இல்லை. எனக்கு வேண்டியது அந்த மூச்சு.

இவ்வளவும் அவனிடம் சொல்லியிருக்கலாம், சொல்லாமல் இகழ்ந்தேன். பண்டிதர் ஐயாவாவது எங்கள் பாட்டைக் காதாரக் கேட்டே ஏசினார். என் பேரன் என்ன கேட்கின்றான் என்பதே எனக்குத் தெரியாமற் போயிற்று. வீட்டின் அமைதி அவ்விரைச்சலினும் கொடிதாயிருந்தது.

சென்ற பொங்கலன்று அவனருகே அமர்ந்து, அக்கருவியில் ஒன்றைத் தரும்படி கேட்டேன். வியப்போடு தந்தான். தாளம் செவியை அறைந்தது, சொல் பிடிபடவில்லை. மூன்றாம் முறையும் விளங்காதபோது, சிறுபிள்ளைக்குப் பாடஞ் சொல்வதுபோல ஒவ்வோரடியாக அவனே சொல்லித் தந்தான். ஓரடி மெய்யாகவே நன்றாயிருந்தது. மற்றவை இப்போதும் எனக்கு இரைச்சலே, அதையும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "சரி அப்பப்பா, இனி உங்கட பாட்டொண்டு போடுங்கோ" என்றான்.