ஹாரி வில்ஸுக்குக் கிடைக்காத சண்டை

குத்துச்சண்டை ரசிகர்களிடையே 'பயந்து ஒதுங்கிவிட்டான்' என்ற பழியைப்போல் எளிதில் வீசப்படுவது வேறில்லை. ஹெவிவெயிட் பிரிவில் அது இன்னும் மிகுதி. அசைக்க முடியாத சாம்பியன் ஒருவர் நிற்கும் காலத்தில் அடுத்த நிலையிலுள்ளோர் ஆண்டுக்கணக்கில் வேறு ஆட்களோடு மோதிக்கொண்டிருப்பார்கள். அல்லது வலிய போட்டியாளர் ஒருவர் வாசலில் காத்திருக்க, சாம்பியன் கொல்லைப்புறமாக வெளியேறிவிடுவார். இரண்டையும் கோழைத்தனம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் முகத்தில் குத்து வாங்குவதையே பிழைப்பாகக் கொண்டவர்களைக் கோழைகள் என்பது எதையும் விளக்குவதில்லை. சண்டை நடக்காமல் போனதால் யாருக்கு என்ன மிச்சமாயிற்று என்று கேட்பதே பயனுள்ளது.

நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் சுமை தூக்கியவர் ஹாரி வில்ஸ், கறுப்பினத்தவர். ஜாக் டெம்ப்சி 1919 ஜூலை 4 அன்று டொலிடோ நகரில் ஜெஸ் வில்லார்டை நொறுக்கிப் பட்டம் வென்றபோது, அவரை எதிர்க்கத் தகுதியுள்ளோர் வரிசையில் வில்ஸ் முன்னணியில் இருந்தார். ஏழு ஆண்டுகள் டெம்ப்சி சாம்பியன். அந்த ஏழு ஆண்டுகளில் இருவரும் ஒருமுறைகூட மோதவில்லை. 1922இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, சண்டை வரவில்லை. 1925இல் மீண்டும் ஓர் ஒப்பந்தம். டெம்ப்சிக்குப் பேசிய முன்பணம் வந்து சேராததால் அதுவும் கலைந்தது. வில்ஸுக்கே முதல் வாய்ப்பு என்று நியூயார்க் மாநில ஆணையம் பிடிவாதமாக நின்றபோது, போட்டியே ஊர் மாறியது. 1926 செப்டம்பரில் பிலடெல்பியாவில், 1,20,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், டெம்ப்சி தம் பட்டத்தை இழந்தார். வென்றவர் ஜீன் டன்னி.

டெம்ப்சி வில்ஸுக்கு அஞ்சினாரா? அவருடைய சண்டைகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். தடையின் வேர் 1910இல் இருக்கிறது. அவ்வாண்டு ஜூலை 4 அன்று ரீனோ நகரில் கறுப்பினச் சாம்பியன் ஜாக் ஜான்சன், 'வெள்ளையரின் நம்பிக்கை' என்று ஓய்விலிருந்து இழுத்துவரப்பட்ட ஜேம்ஸ் ஜெஃப்ரீஸை வீழ்த்தினார். அன்றிரவே அமெரிக்காவின் பல நகரங்களில் கலவரம் மூண்டது. கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டனர். அந்தப் போட்டியை ஏற்பாடு செய்தவரும் நடுவராக நின்றவரும் டெக்ஸ் ரிக்கார்ட். பின்னாளில் டெம்ப்சியின் பெரும் போட்டிகளை நடத்தியவரும் அவரே. ரீனோவைக் கண்ட மனிதர் வில்ஸை மேடையேற்றத் தயங்கியதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

இதில் ஒரு கசப்பான உட்கதை உண்டு. டாமி பர்ன்ஸை உலகம் முழுதும் துரத்தி, 1908இல் சிட்னியில் பட்டத்தைப் பறித்த அதே ஜான்சன், சாம்பியனான பிறகு சாம் லாங்ஃபோர்டுக்கு வாய்ப்பே தரவில்லை. 1906இல் தம்மைவிட எடை மிகக் குறைந்த லாங்ஃபோர்டை ஜான்சன் ஏற்கெனவே வென்றிருந்தார். ஆயினும் வளர்ந்துவிட்ட லாங்ஃபோர்டை மீண்டும் சந்திப்பதில் அபாயம் அதிகம், கூட்டமோ குறைவு. வெள்ளையர் ஒருவர் தோற்பதையோ வெல்வதையோ காணத்தான் மக்கள் காசு கொடுத்தனர். நிறவெறியால் துரத்தப்பட்டவரும் அதே சந்தையின் கணக்கைத்தான் போட்டார். அவரைக் குறைசொல்லலாம், வியப்பதற்கில்லை. வாய்ப்பு மறுக்கப்பட்ட லாங்ஃபோர்டும் வில்ஸும் ஒருவரோடொருவரே பத்துக்கும் மேற்பட்ட முறை மோதிக்கொண்டார்கள்.

ஜோ லூயிஸ் 1937இல் ஜேம்ஸ் பிராடாக்கோடு மோத வாய்ப்புப் பெற்றதற்கும் ஒரு விலை இருந்தது. லூயிஸின் போட்டிகளை நடத்துபவர் பெறும் இலாபத்தில் 10 விழுக்காடு, பத்து ஆண்டுகளுக்குப் பிராடாக் தரப்புக்கு. தோல்வி ஏறத்தாழ உறுதி என்றால், அந்தத் தோல்வியை நல்ல விலைக்கு விற்பது எப்படி என்பதை பிராடாக்கின் மேலாளர் ஜோ கூல்ட் அறிந்திருந்தார்.

மேலாளர்களின் இந்தக் கணக்கை மீறியவர்களும் உண்டு. சோனி லிஸ்டனோடு மோதவேண்டாம் என்று ஃபிளாய்ட் பேட்டர்சனை அவருடைய மேலாளர் கஸ் டமாட்டோ தடுத்துவந்தார். தகுதியுள்ளவருக்கு வாய்ப்பு மறுப்பது அறமன்று என்று பேட்டர்சன் தாமே முடிவெடுத்து, 1962 செப்டம்பரில் சிகாகோவில் மேடையேறினார். முதல் சுற்றிலேயே, 2 நிமிடம் 6 நொடியில், வீழ்ந்தார். யார் கண்ணிலும் படாமல் ஊர் திரும்புவதற்காக ஒட்டுத்தாடியை முன்கூட்டியே எடுத்துச் சென்றிருந்தார் என்பது இந்த விளையாட்டின் வரலாற்றில் மிகவும் துயரமான செய்திகளுள் ஒன்று. தோல்வியை எதிர்பார்த்தும் போனவர் அவர்.

பட்டங்கள் பெருகியபின் ஒதுங்குவது இன்னும் எளிதாயிற்று. உலகக் குத்துச்சண்டைச் சங்கம், உலகக் குத்துச்சண்டைப் பேரவை என்று இரண்டாக இருந்த அமைப்புகள் 1980களில் நான்காயின. நான்கு பெல்ட் இருந்தால், மிக வலியவரைத் தொடாமலே ஒருவர் 'உலகச் சாம்பியன்' ஆகலாம். 1992 டிசம்பரில் ரிடிக் போவ், லெனாக்ஸ் லூயிஸோடு மோதவேண்டிய கட்டாயம் வந்தபோது, லண்டனில் செய்தியாளர் முன்னிலையில் பேரவையின் பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் போவை இரண்டாம் சுற்றில் வென்றவர் இதே லூயிஸ். தொழில்முறையில் அவர்கள் சந்திக்கவே இல்லை. காலச்சக்கரம் சுழன்றது, 2002இல் கிறிஸ் பேர்டோடு மோதுவதைவிட மேல் என்று லூயிஸும் ஒரு பெல்ட்டைத் துறந்தார். பேர்ட் இடக்கை ஆட்டக்காரர், நழுவல் மன்னர், கூட்டம் சேர்க்காதவர். வென்றாலும் பெருமையில்லாத சண்டை அது.

2003 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் விட்டாலி கிளிச்கோவின் முகத்தில் வெட்டுக் காயங்கள் ஆழமானதால், ஆறு சுற்றுகளின் முடிவில் போட்டி நிறுத்தப்பட்டு லூயிஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதுவரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் கிளிச்கோவே முன்னிலையில் இருந்தார். மறுபோட்டி கேட்டு எழுந்த குரல்களுக்கு நடுவே 2004 பிப்ரவரியில் லூயிஸ் ஓய்வை அறிவித்தார். தப்பியோடிவிட்டார் என்ற ஏச்சு அன்று நிறையவே கேட்டது. அவருக்கு வயது 38.

முகமது அலிக்கும் 38தான், 1980 அக்டோபரில் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸின் எதிரே நின்றபோது. ஹோம்ஸ் அன்று தோல்வியறியாச் சாம்பியன். ஒருகாலத்தில் அலியின் பயிற்சிக் கூட்டாளி. அலியை ஒதுங்கச் சொல்லியிருக்கவேண்டியவர்கள் எவரும் ஒதுக்கவில்லை; அவருக்கு 80 லட்சம் டாலர் பேசப்பட்டிருந்தது. ஒரு சுற்றுகூட அலியின் பக்கம் எழுதப்படவில்லை. பத்தாம் சுற்றின் முடிவில் ஏஞ்சலோ டன்டீ போட்டியை நிறுத்தச் சொன்னார். வென்ற ஹோம்ஸ் பிறகு அழுதார். நான்கு ஆண்டுகள் கழித்து, அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்கூறுகள் இருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர்.