துளைக்கிற மெஷினுக்குக் கண் இல்லை

2023 நவம்பர் 12-இல் உத்தரகாண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். குறுக்கே சுமார் 60 மீட்டர் இடிபாடு. அதில் இரும்புக் குழாய் செலுத்த ஆகர் மெஷின் வந்தது.

ஆகர் நம்ம ஒர்க்‌ஷாப் டிரில் பிட்டுக்கு அண்ணன் மாதிரி. முனை மண்ணை அறுக்கும். அறுத்த மண் புரி வழியாகப் பின்னால் வரும். ஜாக்கி குழாயைத் தள்ளும். எதிரே இருப்பது மண்ணா, கம்பியா என்று ஆபரேட்டருக்குத் தெரியாது. சுமார் 47 மீட்டரில் இரும்பில் மாட்டி ஆகர் உடைந்தது. அதை பிளாஸ்மா கட்டரால் வெட்டி வெட்டி எடுத்தார்கள். மிச்சத்தைக் கையால் தோண்டியவர்கள் எலிவளைத் தொழிலாளர்கள். 28-ஆம் தேதி 41 பேரும் உயிரோடு வந்தார்கள்.

டிவி பார்த்த அப்பா, "பாத்தியாடா, கடைசில கைதான் ஜெயிச்சுது" என்றார். அவர் கிணறு வெட்டுபவர். பெருமை இருக்காதா? ஆனால் 80 செ.மீ. குழாய்க்குள் ஒரு மனிதர் ஊர்ந்து போய்த் தோண்ட வேண்டி வந்ததே! அதை என்னால் வெற்றி என்று மட்டும் நினைக்க முடியவில்லை. அப்பாவின் முழங்கால்களைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

கம்பி தட்டினால் டார்க் ஏறும். அந்த நொடியே மெஷின் நின்றுவிட வேண்டும். கட்டர் தலையைக் குழாய்க்குள்ளேயே பின்னுக்கு இழுக்கவும் வழி வேண்டும். டி.சி. மோட்டாரில் டார்க் ஏறினால் கரண்ட்டும் ஏறும், அம்மீட்டரே காட்டிக்கொடுக்கும். சின்ன மாடல் ஒன்று செய்து பார்க்கப்போகிறோம். யார் வீட்டிலாவது பழைய வைப்பர் மோட்டார் இருந்தால் மெக்கானிக்கல் பிரிவில் கொடுங்கள்.